லிங்கேஸ்வரனின் நிகர எடை

லிங்கேஸ்வரன் சாவதற்கு முப்பத்தோரு நாள் முன்பே அவனுடைய அஸ்திக்கு விமானத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. முப்பது நாளுக்கு முன்னால் எடுத்தால் விலை குறைவு.

அண்ணன் தம்பி இருவரும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அண்ணன் மொக்கச்சாமிக்கு ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயைச் சூடு காட்டி உலர்த்தும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். தம்பி லிங்கேஸ்வரன் இருபது வருடம் செடிகளுக்கு மருந்து அடித்தான். மருந்து, பூச்சிக்கும் அவனுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார்கள்.

"என்னடா வேணும்?" என்று மொக்கச்சாமி கேட்டார்.

"காசிண்ணே."

"இப்பவா?"

"இப்ப எதுக்கு? எரிச்சதுக்கப்பறம். கங்கையில கொண்டுபோயி விட்டுரு. இந்த மருந்து வாடை அப்பவாச்சும் போகுதான்னு பாப்போம்."

காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் ஸ்டோர்க்காரருக்கு மூன்று நாளுக்கு மேல் விடுப்பு கிடையாது. ரயிலில் போனால் போவதற்கே மூன்று நாள். மொக்கச்சாமி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போ," என்றான் லிங்கேஸ்வரன். "உசுரோட ஜீப்புலதான போனேன்."

அவன் மனைவி தேவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஓர் ஏலக்காய்க் கடைக்கு மேல் மாடியில், லகு ஏர் என்ற விமான நிறுவனம் ஓர் எடை மையம் திறந்திருந்தது. மற்ற ஊர்களில் அவர்களுக்கு டிக்கெட் மையம்தான். போடிக்காரர்களுக்கு எடை புரியும் என்று தலைமையகம் கண்டுபிடித்திருந்தது. சுமையை இங்கேயே போட்டுவிட்டால் வேனில் மதுரை விமான நிலையத்துக்குப் போய்விடும். ஆள் பஸ்ஸில் போய்க்கொள்ள வேண்டும்.

சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: "பயணம் இலவசம்." பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கு உரிய விளக்கம் கழிவறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கழிவறைக்கு முப்பது ரூபாய்.

மொக்கச்சாமி போன அன்று ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திர தினச் சலுகை. வரிசையில் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையுடன் நின்றாள். கவுண்டரில் இருந்த கார்த்திகா அவளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எடை போட்டதுக்கப்புறம் பால் குடுங்க மேடம். இப்ப குடுத்தா உங்க எடை குறையும், பாப்பா எடை கூடும். பாப்பாவுக்குத்தான் ரேட் ஜாஸ்தி."

குழந்தை அழுதது. தாய் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மொக்கச்சாமியின் முறை வந்தது.

"லக்கேஜ் என்ன சார்?"

"தம்பியோட அஸ்திம்மா."

"சாரி சார். எப்ப இறந்தாங்க?"

"இன்னும் இல்ல. டாக்டரு ஒரு மாசம்னாரு."

கார்த்திகா நாள்காட்டியைத் திருப்பினாள். "செப்டம்பர் பதினெட்டு போடட்டுமா? பின்னாடி தேதி மாத்தினா புது டிக்கெட் விலை ஆயிடும். அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்னு நெனைக்கிறேன்."

"சொன்னசொல் திட்டத்துல போட்டா பாதி விலை சார். என்ன பொருள், எத்தனை கிலோன்னு இப்பவே சொல்லிரணும். சொன்ன சொல் மாறக் கூடாது. எத்தனை கிலோ?"

மொக்கச்சாமி தோட்டத்துக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் கழித்து லிங்கேஸ்வரன் பேசினான். அவனை ஸ்டோர்த் தராசில் உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கியது.

"அறுவது கிலோ இருநூறுண்ணே. போத்தியிருக்க துண்டுக்கு இருநூறு கழிச்சிரு."

"அறுவது. அப்ப அஞ்சுக்கு ஒண்ணு."

"பன்னெண்டு."

அஞ்சு கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ. மலையில் இது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். மனுசன் எத்தனைக்கு ஒன்று என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை வந்ததில்லை.

"நல்ல காய்னா நாலரைக்கே ஒரு கிலோ தேறும்டா," என்றார் மொக்கச்சாமி.

"நான் என்னைக்குண்ணே நல்ல காயா இருந்தேன்? அஞ்சே போடு."

மொக்கச்சாமி பன்னிரண்டு என்றார். கார்த்திகா பதிந்தாள். பொருள்: அஸ்தி. உருப்படி: ஒன்று. எடை: பன்னிரண்டு கிலோ.

செப்டம்பர் முதல் வாரத்தில் லிங்கேஸ்வரனுக்கு உடம்பு தேறியது. எழுந்து உட்கார்ந்தான். கோழி கேட்டான். வீடே பயந்துபோனது. தேவி அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மொக்கச்சாமி எடை மையத்துக்குப் போன் செய்தார். தேதியைத் தள்ளிப்போட வேண்டுமானால் புதுத் தேதிக்குள் நிச்சயம் இறந்துவிடுவார் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்றாள் கார்த்திகா. அப்படி எழுதித் தருகிற மருத்துவர் யாரும் போடியில் இல்லை.

"மொகத்த ஏண்ணே தொங்கப் போட்ருக்க?" என்றான் லிங்கேஸ்வரன். "டிக்கெட்டு வீணாப் போகாது. நான் பாத்துக்கிர்றேன்."

பதினைந்தாம் தேதி காலையில் இறந்தான். வாழ்நாளில் அவன் எந்த வேலைக்கும் சொன்ன நேரத்துக்குப் போனதில்லை.

உடலைச் சின்ராசுவின் ஜீப்பில் இறக்கினார்கள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஜீப்பு. முன்னால் ஐந்து பேர், பின்னால் பதினொரு பேர், மேலே மூட்டைகள். லிங்கேஸ்வரனை எல்லோருடைய மடியிலும் நீளவாக்கில் கிடத்திக்கொண்டார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பதினொரு பேரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். போடியில் இறங்கியதும் மொக்கச்சாமி காசு எடுத்தார்.

"ஆளுக்குத்தாண்ணே காசு," என்றான் சின்ராசு.

"இவன் ஆளா, சாமானா?"

சின்ராசு கொஞ்சம் யோசித்தான். "ரெண்டுக்கும் வேணாம். உள்ள வைங்க."

தகன மேடையில் மறுநாள் ஒரு சின்ன மண்பானையைக் கொடுத்தார்கள். வாயைத் துணியால் கட்டியிருந்தது. மொக்கச்சாமி கையில் வாங்கியதும் எடை சொல்லிவிட்டார். நாற்பது வருடக் கை. இரண்டு கிலோ முன்னூறு.

"மிச்சம்?"

"அம்புட்டுத்தான்ணே," என்றார் மேடைக்காரர்.

"அறுவது கிலோ ஆளு."

"எல்லாருக்கும் அம்புட்டுத்தான்."

குறைந்தால் நல்லதுதானே என்று மொக்கச்சாமி நினைத்தார். வேறு வாகனங்களில் மட்டும் போய்ப் பழகியவர் நினைப்பு அது.

பதினேழாம் தேதி காலை எடை மையத்தில் பானையை வைத்தார். தராசில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணி அடித்தது. கார்த்திகா எழுந்து நின்றாள். உள்ளறையில் இருந்து முத்துக்கண்ணன் வந்தார். கழுத்தில் டை. சட்டைப்பைக்கு மேல் "மண்டல எடை அதிகாரி" என்று ஒரு பித்தளைத் தகடு. தராசைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மீதி ஒன்பது கிலோ எழுநூறு கிராம் எங்கே ஐயா?"

"அம்புட்டுத்தான் குடுத்தாக."

"நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. தராசு சந்தேகப்படுகிறது."

"கொறைஞ்சா நல்லதுதான சார்?"

முத்துக்கண்ணன் கண்ணை மூடித் திறந்தார். "விமானி உங்கள் பன்னிரண்டு கிலோவை நம்பி வண்டியை எடுக்கிறார். நூற்று எண்பது உயிர்கள். நீங்கள் இரண்டு கிலோவோடு வந்து நிற்கிறீர்கள்."

"அப்ப கூடக் கொண்டுவந்தா ஆபத்து இல்லையா?"

"கூடுதல் எடைக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டிவிட்டால் அது எடையே இல்லை."

எடைக் குறைவுக் கட்டணம் என்று ஒன்று இருந்தது. கிலோவுக்கு ஆயிரத்து எண்ணூறு. மொக்கச்சாமியின் ஒரு மாதக் கூலியைப் போட்டாலும் பத்தாது.

"ஜீப்புக்காரன் பொணத்துக்கே காசு வாங்கல சார்," என்றார் மொக்கச்சாமி. "ரயிலுல நாலு மூட்டையோட ஏறினாலும் ஏன்னு கேக்க மாட்டாக. பஸ்சுல கண்டக்டரு ஒரு லக்கேஜ் டிக்கெட்டு கிழிப்பாரு, இல்ல காலுக்கடியில தள்ளுன்னு சொல்லுவாரு. நீங்க கொறையுதுங்கிறீங்க."

முத்துக்கண்ணனுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஜீப்பை நான் தினமும் இந்த ஜன்னலில் இருந்து பார்க்கிறேன் ஐயா. பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு பதினாறு பேருக்கு மட்டும் வாங்குகிறான். அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்கு, வெட்டுக்கத்தி, மடியில் இருக்கிற பிள்ளை எல்லாம் ஓசியில் மலை ஏறுகிறது. எனக்கு மனசு வலிக்கும். படுத்தால் அந்தப் பிள்ளைகள்தான் கண்ணுக்குள் வருகின்றன. ஒரு பிள்ளை எட்டு கிலோ. எங்கள் அப்பாவும் பக்கத்துச் சிலமலை கிராமத்தில் விவசாயிதான். சந்தைக்கு மாட்டுவண்டியில் போவார். வழியில் யார் கை காட்டினாலும் மூட்டையை ஏற்றிக்கொள்வார். ஒரு பைசா வாங்கியதில்லை. கடைசிவரை அப்படியே இருந்து செத்துப்போனார். ஊரே வந்து அழுதது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது."

கார்த்திகா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"சரி சார். எடைக்கு அரிசி வச்சிரட்டுமா?"

"அரிசி உணவு வகை. அது வேறு சீட்டு. அஸ்தி என்று பதிந்திருக்கிறீர்கள். சாம்பல்தான் வர வேண்டும்."

"அவன்ட்ட இருந்தது அம்புட்டுத்தான் சார்."

"தராசு எடை பார்க்கும் ஐயா. பெயர் பார்க்காது." முத்துக்கண்ணன் எழுந்தார். "நாளைக் காலை எட்டு மணி வரை நேரம் தருகிறேன். என் சொந்தப் பொறுப்பில்."

மொக்கச்சாமி பானையோடு மதிய ஜீப்பில் மலை ஏறினார். ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்புக்குப் பின்னால் விறகுச் சாம்பல் குவிந்து கிடக்கும். சாக்கை விரித்து மண்வெட்டியால் அள்ளினார். தேவி வந்து நின்றாள்.

"என்ன மாமா பண்றீக?"

"எடை பத்தலயாம்."

 அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"அடியில இருக்கத அள்ளுங்க மாமா. மேல உள்ளது சுடும்."

ஒன்பது கிலோ எழுநூறு. மொக்கச்சாமி ஸ்டோர்த் தராசில் மூன்று தரம் நிறுத்தார். பெயிண்ட் கம்பெனி மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடைத்தது. வாளி எடையைக் கழித்துச் சாம்பலைச் சரிசெய்தார்.

"அவர மேல வச்சுருவமா?" என்று தேவி கேட்டாள்.

"தனித்தனியா வச்சா ரெண்டு உருப்படிம்பாக. ரெண்டுன்னா இன்னொரு சீட்டு."

"அப்ப?"

"கலக்கணும்."

மொக்கச்சாமியின் கை வரவில்லை. தேவி வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு வாளிக்குள் கையை விட்டாள். மாவு பிசைகிற மாதிரி அடியில் இருந்து புரட்டினாள். கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு நொடி பிடித்துப் பார்த்தாள். பிறகு விட்டாள். எல்லாம் ஒரே நிறமாக வந்ததும் கையை எடுத்தாள். கையை உடனே கழுவவில்லை.

பதினெட்டாம் தேதி காலை எட்டு அடிக்கப் பத்து நிமிடம். பன்னிரண்டு கிலோ. பச்சை விளக்கு. கார்த்திகா கைதட்டினாள். வரிசையில் நின்றவர்களும் கைதட்டினார்கள். கைதட்டும்படி ஒரு பலகை சொன்னது. முத்துக்கண்ணன் மொக்கச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, சொன்ன சொல் தவறாதவர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். சான்றிதழ் நாற்பது கிராம். அதைச் சட்டைப்பையில் வைத்தால் கட்டணம் இல்லை என்றும் சொன்னார்.

பிறகு மூலையில் இருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டினார்.

"அதற்குள் வையுங்கள் ஐயா."

வாளி இறங்கியது. விளிம்பு மட்டும் இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

"அமுக்கலாமா?"

"அமுக்கினால் சட்டம் சேதமாகும். அதற்குக் கட்டணம் தனி."

"நேத்தைக்குச் சின்னப் பானை சார். உள்ள போயிருக்கும்."

"நேற்று எடை சரியில்லை. இன்று பரிமாணம் சரியில்லை. இரண்டும் வேறு வேறு பிரிவு ஐயா. எடைப் பிரிவு உங்களைப் பாராட்டுகிறது. பரிமாணப் பிரிவு வருந்துகிறது."

"பரிமாணப் பிரிவுல யாரு சார் இருக்கா?"

"நான்தான்."

பரிமாணக் கட்டணத்தைக் கார்த்திகா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மொக்கச்சாமி தாளைத் திருப்பி வைத்தார். வெளியே மதுரை பஸ் ஹாரன் அடித்தது. வேன்காரர் வாசலில் நின்று மணியைப் பார்த்தார்.

முத்துக்கண்ணன் மொக்கச்சாமியின் தோளில் கை வைத்தார். "ஒரு வழி இருக்கிறது. எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். இருக்கைத் தியாகத் திட்டம். உங்கள் சீட்டை எங்களிடம் விட்டுக்கொடுத்தால் அது பரிமாணக் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும். சுமை போகும்."

"அப்ப நானு?"

"நீங்கள் போக மாட்டீர்கள்."

"ரெண்டுல ஒருத்தருதான் போகலாமா?"

"தேர்வு உங்களுடையது. நாங்கள் வாடிக்கையாளரை வற்புறுத்துவதில்லை."

மொக்கச்சாமி வாளியைப் பார்த்தார். காசிக்கு ஆசைப்பட்டவன் அவன். தனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததில்லை.

"அங்க யாரு எடுப்பாக?"

"எங்கள் காசி அலுவலகம்."

"கங்கையில விட்ருவாகளா?"

முத்துக்கண்ணன் சிரித்தார். மிகவும் கனிவான சிரிப்பு. "காசியில் எல்லாமே கங்கையில்தான் போய்ச் சேரும் ஐயா."

மொக்கச்சாமி கையெழுத்துப் போட்டார். ஆறு இடத்தில். வேன்காரர் வாளியைத் தூக்கிப்போனார். "நல்ல கனம்," என்றார்.

விடுப்பு இரண்டு நாள் மிச்சம். தோட்டத்து மேனேஜர் சந்தோஷப்பட்டார். தேவி லயத்து வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அவர ஏத்திட்டீகளா மாமா?"

"ஏத்திட்டேன்."

"நீங்க ஏன் திரும்பிட்டீக?"

"எடம் இல்ல ஆத்தா. அவன் மட்டும் போறான்."

"தனியாவா?" என்றாள். பிறகு, "பிளேன்ல அவரு பயப்பட மாட்டாரு," என்றாள்.

மறுநாள் போனுக்கு இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் படித்துச் சொன்னார். சுமை காசிக்கு வந்துவிட்டது. அலமாரி எண் நாற்பத்தேழில் பத்திரமாக இருக்கிறது. அலமாரி வாடகை இன்றிலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் நாள் இன்னொன்று. ஏழாம் நாள் இன்னொன்று. அதில் சிவப்பு எழுத்து இருந்தது.

அடுத்த ஞாயிறு மொக்கச்சாமி எடை மையத்துக்குப் போனார்.

"சார், அத ஆத்துல விடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். வாடகைய மெல்லமாத் தர்றேன்."

"வாடிக்கையாளரின் சுமையை எங்கள் ஊழியர் திறக்க மாட்டார். அது சுமையின் கண்ணியம்."

"நான் ரயிலுல போயி எடுத்துக்கிறவா? சம்பளம் இல்லாத லீவு கேக்குறேன்."

"பயணி மட்டும்தான் எடுக்க முடியும் ஐயா. நீங்கள் பயணி இல்லை. சீட்டைத் தியாகம் செய்துவிட்டீர்கள்."

"அப்ப அது யாரோடது?"

முத்துக்கண்ணன் கணினியில் தேடினார். வெகு நேரம் தேடினார். "யாருடையதும் இல்லை. கேட்பாரற்ற சுமை. முப்பது நாள் வைத்திருப்போம். அதற்குப் பிறகு விதிப்படி எரித்துவிடுவோம்."

"ஏற்கெனவே எரிச்சதுதான் சார்."

"அது உங்கள் முறை. இது எங்கள் முறை."

மொக்கச்சாமி நின்றுகொண்டே இருந்தார். கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்ததால், நின்றுகொண்டிருப்பதற்கு இப்போது கட்டணம் தொடங்குகிறது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி ஸ்டோரில் காய் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்து நின்றது. ரைட்டர் வாங்கிப் படித்தார். முதல் தடவை தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மொக்கச்சாமியின் காதருகே குனிந்து சொன்னார்.

"உங்கள் சுமை விதிப்படி எரிக்கப்பட்டது. எரிப்பதற்கு முன் எடை பன்னிரண்டு கிலோ. எரித்தபின் எடை பன்னிரண்டு கிலோ. சேதாரம் எதுவும் இல்லை. மீந்தது குப்பையில் சேர்க்கப்பட்டது. எங்கள் சேவை பிடித்திருந்தால் நட்சத்திரம் தரவும்."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த தேவி எழுந்து வந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அவரப் பத்தியா மாமா? என்னன்னு வந்துருக்கு?"

ரைட்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"கங்கையில விட்டாச்சாம்," என்றார் மொக்கச்சாமி.

தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் அன்றுதான் அவள் தோள் இறங்கியது. ஈரக் கண்ணோடு போனை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாது. கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள் இருந்தன.

"இது என்ன?"

"அவுக நல்லாச் செஞ்சாகளான்னு கேக்குறாக."

"எம்புட்டுத் தூரம் கொண்டுபோயி விட்ருக்காக. யாரு பெத்த பிள்ளைகளோ," என்றாள். "அஞ்சும் போட்ருங்க மாமா."

மொக்கச்சாமி ஒவ்வொன்றாக அமுக்கினார். ஐந்தாவதை அமுக்கும்போது விரல் நழுவியது. தேவி அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.